அவர்களுக்கும் உடம்பு உண்டு

மனச்சிதைவு, சைக்கோசிஸ் என்று சீட்டில் எழுதப்பட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மா, அப்பா, அக்கா, தம்பி, மனைவி, கணவன் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஓ.பி.க்கு வருகிறவர்களில் பலர் போனை நீட்டிக் காட்டுகிறார்கள். மனநோய் என்று ஒன்று கிடையாதாம், எல்லாம் எதிர்ப்பு சக்தி செய்கிற வேலையாம், வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்களாம், ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமாம், அப்புறம் மாத்திரையே வேண்டாமாம். அடியில் ஒரு பொடியின் விலையும் ஒரு போன் நம்பரும். இந்தச் செய்தியில் கால்வாசி உண்மை இருக்கிறது. அந்தக் கால்வாசி சாதாரண உண்மையும் இல்லை. சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. மனநல மருத்துவன் என்ற முறையில் மொத்தத்தையும் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்த மடல்.

உண்மைப் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் 12 பெண்களின் நோயை விவரித்துக் கட்டுரை எழுதினார்கள். இந்த நோய் வருகிற விதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் தலைவலி, காய்ச்சல், சளி பிடித்தாற்போல் ஓர் அசதி. சில நாளில் தூக்கம் போய்விடும். சந்தேகம், பயம், காதில் குரல், சம்பந்தமில்லாத பேச்சு. அந்தக் கட்டத்தில் பார்க்கும் எந்த மனநல மருத்துவரும் சைக்கோசிஸ் என்றுதான் எழுதுவார். பிறகுதான் வலிப்பு வரும், நினைவு தப்பும், சிலருக்கு மூச்சுக்கே இயந்திரம் தேவைப்படும். அந்த 12 பேரிடமும் டெரட்டோமா என்ற கட்டி இருந்தது. ஒருவரைத் தவிர எல்லோருக்கும் சினைப்பையில். முடி, பல், நரம்புத் திசு எல்லாம் தாறுமாறாக வளர்ந்து கிடக்கும் விசித்திரக் கட்டி அது.

கட்டிக்குள் இருக்கும் நரம்புத் திசுவை உடம்பு அந்நியம் என்று நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கிறது. அதே ஆன்டிபாடி மூளையிலும் வேலையைக் காட்டுகிறது. நரம்பணுக்களின் மேல் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று ஒன்று உண்டு. ஆன்டிபாடி வந்து ஒட்டிக்கொண்டதும் அணு அந்த ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஏற்பி குறையக் குறைய மனம் தடம் புரள்கிறது. கெட்டமின் என்ற மயக்க மருந்து இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. அது தெளியும் நேரத்தில் நோயாளி இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவது ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

இதில் நல்ல விஷயம், பெரும்பாலும் நரம்பணு செத்துப்போவதில்லை. ஆன்டிபாடி விலகினால் ஏற்பி மேலே வந்துவிடும். கட்டியை எடுத்து, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று என்று சிகிச்சை கொடுத்தால் பலர் எழுந்து நடமாடுகிறார்கள். 2013-ல் வெளியான 577 நோயாளிகளின் கணக்கில், சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் இரண்டு ஆண்டுக்குள் நன்றாகத் தேறியிருந்தார்கள். கட்டி இல்லாமலும் இந்த நோய் வரும், ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும் என்பதும் அதில் தெளிவானது.

சூசன்னா கஹாலன் என்ற நியூயார்க் பத்திரிகையாளரின் கதை சிலருக்குத் தெரிந்திருக்கும். 2009-ல் இந்த நோய் வந்தபோது அவருக்கு வயது 24. குடியால் வந்தது, மனநோய் என்றெல்லாம் பார்த்த பிறகு, சூஹெல் நஜ்ஜார் என்ற மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். கஹாலன் வட்டம் போட்டு, 1 முதல் 12 வரை எல்லா எண்ணையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார். இடது பாதி வெறுமையாக இருந்தது. மூளையின் வலது பக்கம் வீங்கியிருக்கிறது என்று நஜ்ஜார் கணித்தார். பிறகு செய்த பரிசோதனைகள் அதையே சொன்னன. ஒரு தாளும் பேனாவும் போதுமாயிருந்தது. இந்த வசதி நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உண்டு.

மனநோய் என்று நினைத்தது உடம்பு நோய் என்று தெரியவருவது இது முதல் தடவையும் அல்ல. நூறு வருஷம் முன்னால் ஐரோப்பிய மனநலக் காப்பகங்களில் ஒரு பெரும் பகுதி, புத்தி பேதலித்து, கைகால் தளர்ந்து, சில வருஷத்தில் இறந்துபோகிற நோயாளிகளால் நிரம்பியிருந்தது. அவர்களின் மூளையில் மேகப்புண் கிருமி இருப்பதை 1913-ல் நொகுச்சியும் மூரும் காட்டினார்கள். 1917-ல் வியன்னாவில் வாக்னர்-யாவ்ரெக் இத்தகைய நோயாளிகளுக்கு மலேரியா ரத்தத்தை ஏற்றி, வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்துப் பார்த்தார். சிலர் தேறினார்கள், சிலர் இறந்தார்கள். 1927-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பென்சிலின் வந்தபின் அந்த நோயே காப்பகங்களைவிட்டு மறைந்துபோயிற்று. புதிதாக வரும் நோயாளிக்கு மேகப்புண்ணைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். பரிசோதனை எழுதினால் சில பெற்றோர் முகம் சுளிக்கிறீர்கள். பையன் நடத்தையைச் சந்தேகிக்கிறோம் என்று கோபம். அந்தப் பரிசோதனைக்குப் பின்னால் இருப்பது இந்தப் பழைய பாடம்தான்.

சரி, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆன்டிபாடி நோயாக இருக்குமா? பத்து வருஷமாக மெல்ல மெல்ல ஒதுங்கி, பேச்சுக் குறைந்து, மாத்திரை சாப்பிட்டால் அடங்கி, நிறுத்தினால் திரும்புகிற நோய் என்றால், அநேகமாக இராது. ஆன்டிபாடி நோய் வாரக் கணக்கில் பாயும். நேற்றுவரை கல்லூரிக்குப் போன பெண் இரண்டு மூன்று வாரத்தில் ஆளே மாறிப்போவாள். முன்னால் காய்ச்சல் இருந்திருக்கும். வலிப்பு வந்திருக்கலாம். வாயைக் கோணுவது, நாக்கைச் சுழற்றுவது, கை தானாக அசைவது, நாள் நேரம் குழம்புவது, சிலைபோல உறைந்து நிற்பது, நாடியும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்குவது, வழக்கமான மனநல மருந்தைக் கொடுத்ததும் உடம்பு விறைத்து நிலைமை மோசமாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. ஐந்து நிமிஷ ஓ.பி.யில் "சத்தம் போடுறான், அடிக்கிறான்" என்பதை மட்டும் சொல்லிவிட்டு, போன மாதக் காய்ச்சலைச் சொல்ல மறந்துவிடுகிறீர்கள்.

இந்தியாவில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு புத்தி மாறினால் காசநோய் மூளைக்காய்ச்சல், வைரஸ் மூளைக்காய்ச்சல் போன்ற கிருமித் தொற்றுகளைத்தான் நாங்கள் முதலில் தேட வேண்டியிருக்கிறது. அக்கி வகைக் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்து குணமானவர்களில் சிலருக்கு, சில வாரம் கழித்து மேலே சொன்ன ஆன்டிபாடி நோய் தனியாகக் கிளம்புவதும் உண்டு. கிருமி போன பிறகு படை வீட்டுக்காரனையே அடிக்கிற கதை.

மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாமி கும்பிட வேண்டாம் என்று நான் யாரையும் தடுத்ததில்லை. குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கிப் பிரார்த்திப்பது பல குடும்பங்களுக்கு ஆறுதல் தந்திருக்கிறது. ஆனால் காய்ச்சலும் வலிப்புமாக ஆரம்பித்த பைத்தியத்துக்கு 48 நாள் என்பது மிக நீண்ட காலம். முதலில் ஆஸ்பத்திரி. வேண்டுதலைப் பிறகு நிறைவேற்றிக்கொள்ளலாம், தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

ரத்தப் பரிசோதனை விஷயத்துக்கு வருவோம். தனியார் லேப்களில் இந்த ஆன்டிபாடிகளை ஒரு பேனலாகப் பார்க்கிறார்கள், விலை அதிகம். ரத்தத்தில் கொஞ்சம் பாசிட்டிவ் வந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களின் ரத்தத்திலும் இந்த ஆன்டிபாடி சிறிதளவு தென்படுவது உண்டு. உறுதியாகச் சொல்ல மூளைத் தண்டுவட நீரைப் பார்க்க வேண்டும், ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. பலருக்குச் சுத்தமாகவே வரும். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல" என்று யாரும் நிம்மதிப்பட வேண்டாம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சொன்னால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து, கையெழுத்துப் போடாமல் கூட்டிக்கொண்டு போய்விடுகிறீர்கள். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது அதற்குக் கீழே. சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி இருக்கும். அவ்வளவுதான்.

அந்தப் பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்திலிருந்து எதிர்ப்பு சக்தி என்றாலே கூட்ட வேண்டிய ஒன்று என்று நம் மனதில் பதிந்துவிட்டது. இந்த நோயில் அது தவறான ஆளை அடித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஸ்டீராய்டும் ரிடக்சிமாபும் கொடுப்பதே அதை அடக்கத்தான். எதிர்ப்பு சக்தியால் வந்த மனநோய்க்கு எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி என்று விற்கிறவருக்குத் தான் விற்பது என்னவென்றே தெரியவில்லை. வாங்குகிற நீங்களாவது ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

இனி, பெரும்பான்மையோரின் கதை. உங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்தப் பகுதிதான் பொருந்தும்.

டென்மார்க்கில் பிறந்தவர் ஒவ்வொருவரின் ஆஸ்பத்திரிப் பதிவும் ஒரே எண்ணில் கிடைக்கும். அதை வைத்து 2011-ல் மைக்கேல் பென்ரோஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் முப்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். தன் உடம்பையே தாக்கும் நோய்கள், அதாவது லூபஸ், சில தைராய்டு நோய்கள் போன்றவை வந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு 29 சதவீதம் கூடுதல். கடுமையான கிருமித் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு 60 சதவீதம் கூடுதல். படித்தால் பகீரென்கிறது. கணக்கை விரித்துப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு வருகிறது. 29 சதவீதம் கூடினால் ஏழு, ஒன்பது ஆகும். மீதி 991 பேருக்கு வராது. தைராய்டு இருக்கிற அத்தையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். இன்னொரு வேடிக்கை, முடக்குவாதம் என்கிற ருமட்டாய்டு மூட்டுவலியும் உடம்பு தன்னையே தாக்குகிற நோய்தான். அது மனச்சிதைவு உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடக் குறைவாகக் காணப்படுகிறது என்று பல பழைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆக, எதிர்ப்பு சக்தி கூடினால் பைத்தியம், குறைந்தால் தெளிவு என்று நேர்கோடு போட முடியாது.

மரபணுப் பக்கத்திலிருந்தும் ஒரு துப்பு கிடைத்தது. மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 இடங்களை மரபணுத் தொகுதியில் 2014-ல் குறித்தார்கள். அவற்றில் மிக வலுவானது ஆறாவது குரோமோசோமில், எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட மரபணுக்கள் குவிந்திருக்கும் பகுதியில் இருந்தது. அங்கே இருப்பது எது என்று தோண்டிய ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் முதலியோர் 2016-ல் சி4 என்ற மரபணுவைக் காட்டினார்கள். சி4 சாதாரணமாகக் கிருமியின் மேல் ஒட்டி, இதை அழிக்கலாம் என்று அடையாளமிடுகிற புரதம். மூளையில் அது நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகளில் ஒட்டுகிறது. சாலை அகலப்படுத்த வருகிறவர்கள் புளியமரத்தில் எண் எழுதிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் ரம்பத்தோடு வருகிறவனுக்கு அந்த எண் போதும். மூளையில் அந்த ரம்பக்காரன் வேலையைச் செய்வது மைக்ரோகிளியா என்ற அணுக்கள். வளரும் வயதில் தேவையில்லாத இணைப்புகளைக் கழிப்பது எல்லோருக்கும் நடக்கிற நல்ல வேலை. சி4 அதிகம் சுரக்கும் அமைப்புள்ளவர்களுக்குக் கழிப்பது அளவுக்கு மீறிப் போகிறதோ என்பதுதான் சந்தேகம். பதின்வயது முடிகிற பருவத்தில் இந்த நோய் ஏன் தலைகாட்டுகிறது என்ற பழைய கேள்விக்கு இது ஒரு விடையாக இருக்கலாம். ஆனால் இந்த மரபணு அமைப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. பரிசோதித்துப் பார்த்து முன்கூட்டிச் சொல்லும் கருவியாக இதை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இங்கே அம்மாக்களோடு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு வகையை எழுதிவைத்தார். ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை நம்பி, பாசம் போதவில்லை, கண்டிப்பு அதிகம் என்று அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அந்தக் கருத்தை எங்கள் துறை குப்பையில் போட்டு வெகுகாலமாகிறது. இப்போது அதே குற்றச்சாட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. 1957-ல் ஹெல்சின்கியில் ஃப்ளூ பரவியபோது கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு கூடுதலாக வந்தது என்று 1988-ல் மெட்னிக் குழுவினர் எழுதினார்கள். வைரஸைவிட, அதை எதிர்த்துத் தாயின் உடம்பு எழுப்பும் அழற்சிதான் கருவின் மூளையைத் தொடுகிறது என்பது யூகம். எலிகளில் அது காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களில் பின்னால் வந்த ஆய்வுகள் சில ஆமாம் என்றன, சில இல்லை என்றன.

இதை எங்கோ படித்துவிட்டு, "ஏழாம் மாசம் எனக்கு டைபாய்டு வந்துச்சு டாக்டர், அதனாலதான் இப்படி ஆயிட்டானா?" என்று கேட்கிறீர்கள். இல்லை அம்மா. கர்ப்பத்தில் காய்ச்சல் வந்த தாய்மார் எத்தனை பேர்! அவர்களின் பிள்ளைகள் எல்லாம் உங்கள் தெருவில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளையைக் காட்டி இந்தக் காய்ச்சலால் வந்தது என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் மாமியாரோ நாத்தனாரோ சொன்னால், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மருமகளோ மகளோ கர்ப்பமாக இருந்தால் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்லுங்கள். அது அவளுக்கே நல்லது, அதற்கு மனச்சிதைவைக் காரணம் காட்டத் தேவையில்லை.

அழற்சிதான் காரணம் என்றால் அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுத்துப் பார்த்தார்கள். மினோசைக்ளின் என்ற, அழற்சியையும் தணிக்கும் ஆன்டிபயாட்டிக்கை இங்கிலாந்தில் 207 பேருக்கு நடந்த சோதனையில் ஒரு வருஷம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் தேறவில்லை. முடக்குவாதத்துக்குத் தரும் டோசிலிசுமாபை அமெரிக்காவில் ஒரு சிறு குழுவில் முயன்றார்கள், பயனில்லை. மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் குவிக்கிறவர்களுக்கு: 2010-ல் வியன்னாவில் 81 இளைஞர்களிடம் அது பிரமாதமாக வேலை செய்தது. 2017-ல் வெளியான, முந்நூறு பேருக்கும் மேற்பட்ட பெரிய சோதனையில் செய்யவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றியதும் மனச்சிதைவு மறைந்த ஜப்பானிய இளைஞரைப் பற்றிய செய்தியும் உண்மைதான், 2017-ல் பதிவாகியிருக்கிறது. அது ரத்தப் புற்றுநோய்க்குச் செய்த மாற்று. ஒரே ஓர் ஆள். கூடவே எத்தனையோ மருந்துகள். அதை வைத்து யாரும் மஜ்ஜை மாற்றப் புறப்பட முடியாது. ஸ்டீராய்டைச் சும்மா கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்ட அண்ணன் ஒருவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன்: அதிக அளவு ஸ்டீராய்டே சிலருக்கு சைக்கோசிஸை உண்டாக்கும்.

எனவே இப்போது சாப்பிடும் மனநோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் திரும்ப நோயோடு வருவதை நாங்கள் பார்த்துக்கொண்டேயிருக்கிறோம்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியெல்லாம் உங்களுக்கு எதற்கு என்றால், அவர்களுக்கும் உடம்பு உண்டு என்று நினைவூட்டத்தான். சீட்டில் மனநோய் என்று எழுதிய நாளிலிருந்து அந்த ஆளின் உடம்பை யாரும் பார்ப்பதில்லை. நெஞ்சு வலிக்கிறது என்றால் "அவன் அப்படித்தான் சொல்லுவான்." இருமினால் பீடி. பல் வலித்தால் கற்பனை. வெளிநாடுகளிலேயே மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னதாக இறந்துபோகிறார்கள். பெரும்பாலும் இதயத்தால், சர்க்கரையால், நுரையீரலால். கொரோனாவின் முதல் அலையில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் நடந்த ஓர் ஆய்வில், கொரோனாவில் இறக்கும் அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் வயதுக்கு அடுத்த இடத்தை மனச்சிதைவு பிடித்தது. மற்ற நோய்களைக் கணக்கில் கழித்த பிறகும் அபாயம் இரண்டரை மடங்குக்கு மேல்.

க்ளோசபின் சாப்பிடுகிறவர்களின் வீட்டாருக்கு இது எல்லோரையும்விட முக்கியம். வாரா வாரம் ரத்தம் எடுக்கச் சொல்லிப் படுத்துகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத மனச்சிதைவை அடக்குகிற அந்த மாத்திரை, ஆயிரத்தில் சிலருக்கு வெள்ளை அணுக்களைத் திடீரென்று வற்ற வைத்துவிடும். 1975-ல் ஃபின்லாந்தில் அப்படி எட்டுப் பேர் இறந்ததும் பல நாடுகளில் மருந்தையே நிறுத்திவைத்தார்கள். ரத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்கலாம் என்று பிறகு திரும்பி வந்தது. முதல் 18 வாரம் வாரந்தோறும் பார்ப்பது அதற்காகத்தான்.

அதே மருந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதை நாங்களே பல நேரம் சொல்ல மறக்கிறோம். கல்லீரலில் க்ளோசபினைக் கரைக்கும் நொதி, உடம்பில் பெரிய அழற்சி வந்தால் மந்தமாகிவிடும். நிமோனியாவோ கடும் காய்ச்சலோ வந்த ஒருவருக்கு, வழக்கமாகச் சாப்பிடும் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடலாம். எழுப்பினால் எழமாட்டார், எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும், வலிப்பும் வரலாம். காய்ச்சல் அசதி என்று போர்த்திவிட்டு, மாத்திரையைத் தவறாமல் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

க்ளோசபின் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், ஞாயிற்றுக்கிழமையானாலும் தீபாவளியானாலும், அன்றைக்கே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாதம் என்றால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு இதயத் தசை வீங்கும், அதுவும் காய்ச்சலாகத்தான் தொடங்கும். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே இருக்கும் டூட்டி டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "மென்டல் கேஸ், அவங்க டாக்டரையே பாருங்க" என்று சொன்னால் நகராதீர்கள். காய்ச்சலுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். எங்களுக்குப் போன் போடச் சொல்லுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.